மூவாற்றின் மூன்றாவது ஆறு

பொய் சொல்லிவிட்டேன். முந்தநாள், பட்டப்பகலில், பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளைக்கு.

நான் ஒரு சின்ன நூலகத்தில் வேலை செய்கிறேன். புத்தகங்களுக்கு இலக்கம் ஒட்டுவது, சத்தம் போடுகிறவர்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பது, இந்த இரண்டும்தான் என் உத்தியோகம். அந்தப் பிள்ளை சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு ஓடிவந்தாள். தலையணை மாதிரித் தடித்த ஒரு புத்தகத்தை மேசையில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"மிஸ், மூண்டாம் பாகம் வந்திட்டுதோ?"

"இன்னும் வரேல்லை."

மூன்றாம் பாகம் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஒரு கிழமையாகக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் பெட்டி கட்டி அனுப்பிய புத்தகங்களோடு வந்தது. இல்லாத நாடு, இல்லாத மிருகம், இல்லாத பாஷை, எல்லாம் வருகிற கதை. இந்தப் பிள்ளைக்குத் தன் சொந்த மாமாவின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் மடிக்க வேண்டும். அந்த நாட்டு ராசாக்களை ஏழு தலைமுறைக்குத் தடக்காமல் சொல்லுவாள். அவள் திருப்பிக் கொண்டுவந்த இரண்டாம் பாகத்தைத் திறந்து பார்த்தேன். முதல் பக்கத்தில் வரைபடம். அதிலே கதாநாயகன் நடந்த வழியைப் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் கீறி, பிறகு எனக்குப் பயந்து அழித்திருந்தாள். அழித்த தடம் இருந்தது.

"என்னடி பிள்ளை இதிலை கிடக்கு?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை மிஸ். உள்ளுக்குப் போனால் திரும்பி வர மனமில்லாமக் கிடக்கு."

எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில், நரைத்த தலையோடு, யாரோ ஒரு தூரதேசத்து எழுத்தாளர் மேல் பொறாமை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தேன். அழிறப்பர் மணம். அவ்வளவுதான், உரும்பிராயில் ஒரு ரியூசன் கொட்டிலின் மணல் தரைக்குப் போய்விட்டேன்.

அது யுத்தம் நடந்த, ஒன்றும் கிடைக்காத காலம். குடாநாட்டுக்குச் சாமான் வருகிற பாதை பூட்டியிருந்தது. சவர்க்காரம் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெய் மருந்து மாதிரி. பனம்பழத்தைப் பிசைந்து சட்டை தோய்த்தோம். சட்டை வெளுத்ததோ இல்லையோ, மாடு பின்னால் வரும். கொப்பியும் இல்லை. ஆகவே எல்லாம் பென்சிலில் எழுதுவோம். வருடம் முடிய முழுக் கொப்பியையும் இருந்து அழித்துவிட்டு, அடுத்த வருடம் அதன் மேலேயே எழுதுவோம். சமூகக்கல்விக்குக் கீழே போன வருடத்துப் பிரித்தல் கணக்கு மங்கலாகத் தெரியும். நான் படித்த படிப்பு முழுவதற்கும் அழிறப்பர் மணம்தான்.

சாருமதி எங்கள் ஊர்ப் பிள்ளை இல்லை. வடக்குக் கரையில் கடலோடிக் குடும்பம். அந்தக் கரை முழுவதையும் ஆமி பிடித்துக்கொண்டபோது வந்து எங்கள் பக்கத்து வீட்டில் இரண்டு அறையில் இருந்தார்கள். தாயும் அவளும்தான், கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை. வகுப்பில் மூன்று மாதம் அவள் வாய் திறக்கவில்லை. பாவம் என்று நான்தான் எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். பென்சிலைப் பாதியாக முறித்துக் கொடுத்தேன். பாவம் என்று நினைக்கிற வரைக்கும் அவளை எனக்கு நன்றாகப் பிடித்தது.

ஒருநாள் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. கணக்கு மாஸ்ரர் வெண்கட்டியை எறிந்துவிட்டு, "ஓடுங்கோ, பங்கருக்குள்ளை ஓடுங்கோ!" என்று கத்தினார். கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டி, தென்னங்குற்றி அடுக்கி மூடிய பங்கர். பதினைந்து பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர். சின்னதுகள் குழறத் தொடங்கிவிட்டன. அந்த இருட்டுக்குள் ஒரு குரல் கேட்டது.

"மூவாத்திலை பொம்மர் வந்தால் ஆறு எழும்பி நிக்கும்."

சாருமதி. மூன்று மாதத்தில் அவள் பேசிய முதல் வசனம்.

"மூவாறோ? அது எங்கை கிடக்கு?"

"நடந்து போகேலாது. வள்ளத்திலைதான் போகலாம்."

"போனால்?"

"போறதுக்கு முதல் வள்ளத்திட்டைக் கேக்கோணும். அது ஓம் எண்டால்தான் ஏறலாம்."

"பிறகு?"

அந்தப் "பிறகு?" என்ற சொல்லை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் எத்தனையோ தரம் சொன்ன சொல்தான். ஆனால் அப்படி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலைக்கு மேலே பொம்மர் சுற்றுவதையும் மறந்து ஒருவர் கேட்பதை அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதைக் கேட்டது என்னிடம் இல்லை என்பதும் அப்போதே எனக்கு உறைத்தது.

மூவாற்றில் கடல் நன்னீர். ஆறுதான் உப்பு. குடிதண்ணீருக்குச் சனம் கடலுக்குப் போகும். எங்கள் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, மழைக்கு மட்டும் ஓடுகிற ஒன்றை மரியாதைக்கு ஆறு என்கிறோம். ஆகவே அவள் என்ன சொன்னாலும் நம்பினோம். வள்ளத்தில் இருந்துகொண்டு பொய் சொன்னால் வள்ளம் ஒழுகும். அதனால் அந்த நாட்டில் கலியாணப் பேச்சை வள்ளத்தில் வைத்துத்தான் பேசுவார்கள். கலியாணத் தரகர்மார் மட்டும் எவ்வளவு தூரமானாலும் கரையால் சுற்றி நடந்துதான் போவார்கள். விளக்கு எரிக்கிற எண்ணெய்க்கு அங்கேயும் தட்டுப்பாடு, அங்கேயும் வரிசை. ஆனால் முன்னுக்கு நிற்கிறவர் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஏற்கெனவே பாடிய பாட்டென்றால் கடைசிக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் பிள்ளைகளின் தலைக்குள் இறங்கிவிட்டது. எங்களிடம் வள்ளம் இல்லை, சைக்கிள் இருந்தது. சைக்கிளில் இருந்து பொய் சொன்னால் ரயர் காற்றுப் போகும் என்று தங்களுக்குள் சட்டம் வைத்துவிட்டார்கள். ஒருநாள் கணக்கு மாஸ்ரர் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "இந்தக் கிழமை கணக்குச் சோதனை இல்லை, பயப்பிடாதேங்கோ" என்றார். மறுநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். முன் ரயர் சப்பட்டையாக இருந்தது. பதினைந்து பேரும் ரயரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தோம். அன்றைக்கே சோதனை வைத்தார்.

அவள் பங்கருக்குள் மட்டும்தான் கதை சொல்லுவாள். வெளியில் கேட்டால், "இஞ்சை வைச்சுச் சொல்லக்கூடாது" என்று தலையைக் குனிந்துகொள்வாள். இதனால் என்ன நடந்தது தெரியுமா? நாலைந்து நாள் பொம்மர் வராவிட்டால் பிள்ளைகளின் முகம் வாடத் தொடங்கியது. ஒருத்தி வாய்விட்டே சொன்னாள்: "இந்தக் கிழமை ஒருக்காலெண்டாலும் வராதோ?" மாஸ்ரருக்குக் கேட்டுவிட்டது. அடிக்கக் கை ஓங்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இறக்கிவிட்டு வெளியே போய் நின்றார். பொம்மர் வந்த நாட்களில் எங்கேயோ ஒரு வீட்டில் செத்தவீடு நடந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது நானும்தான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். கட்டுரைப் போட்டி என்றால் முதலாம் பரிசு எனக்குத்தான். பொங்கல் விழா, பசுவின் பயன், நான் ஒரு குடை, எதைத் தந்தாலும் எழுதுவேன். எழுத்து முத்து முத்தாக இருக்கும். மாஸ்ரர்மார் சிவப்பு மையில் 'திறம்' போட்டுத் தருவார்கள். ஆனால் குடை கிழிந்தபின் "பிறகு?" என்று ஒரு குஞ்சும் கேட்டதில்லை. சாருமதி எழுத்துப்பிழை விடாமல் இரண்டு வரி எழுதமாட்டாள். அவளைச் சுற்றித்தான் இடைவேளையில் கூட்டம்.

அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. போன வருடத்துக் கணக்குக் கொப்பியை அழித்துவிட்டு அதிலே மூவாற்றை எழுதி வைத்திருந்தாள். நடுப்பக்கத்தில் அந்த நாட்டின் வரைபடம், எங்கள் வாயில் மாப். பிரித்தல் கணக்குகளின் தடத்துக்கு மேலாக இரண்டு ஆறுகள் வளைந்து வளைந்து போயின. துறைகள், கோட்டை, எந்தக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று அம்புக்குறிகள். தெற்கே ஒரு பெரிய வெள்ளை இடம்.

"மூண்டாவது ஆறு எங்கையடி?"

"அது இன்னும் வரேல்லை."

"கீறிவிடன்."

"வராததை என்னெண்டு கீறுறது?"

என்ன திமிர் பாருங்கள்! தானே உண்டாக்கின நாடு, தானே கீறுகிற ஆறு. அதற்குக்கூடக் காத்திருக்கிறாளாம். அன்றைக்கு எனக்கு வந்த எரிச்சலுக்குக் கணக்கில்லை. நானும் ஒரு நாடு செய்வதென்று முடிவெடுத்தேன்.

பெயர் இன்பபுரி. சிரிக்காதீர்கள். ஐஸ்கிறீம் மலை, சொக்லேற் மதில், மரத்துக்கு மரம் பற்றறி காய்க்கும், லைற் அணையவே அணையாது, தெருவெல்லாம் வாசச் சவர்க்காரம். எங்களுக்கு எதெல்லாம் இல்லையோ அதெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். இனி மூவாற்றில் ஒருவரும் நிற்கமாட்டார்கள் என்று எண்ணினேன். அடுத்த முறை பங்கருக்குள் இறங்கியதும் சாருமதிக்கு முன் நான் தொடங்கினேன். பிள்ளைகள் வாயூறக் கேட்டார்கள்.

"அங்கை போய் என்ன செய்யிறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சாப்பிடுறது."

"சாப்பிட்டிட்டு?"

நான் யோசித்தேன். "நித்திரை கொள்ளுறது."

"ம்" என்றாள். பிறகு மற்றப் பக்கம் திரும்பினாள். "சாரு, அந்தத் தரகர் வள்ளத்திலை ஏறினவரெல்லே, அது ஒழுகினதோ?"

இத்தனை வருடம் புத்தகங்களுக்கு நடுவில் இருந்து நான் கண்டுபிடித்தது அன்றைக்கே அந்தப் பிள்ளை காட்டித்தந்ததுதான். எல்லாம் கிடைக்கிற நாடு என்றால் சனம் ஒருதரம் வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போய்விடும். ஒரு கற்பனை நாட்டில் மனம் ஒட்டுவது அங்கே இருக்கிற சட்டத்தாலும் தட்டுப்பாட்டாலும், அங்குள்ள சனத்துக்கு நாளைக்கு ஒரு அலுவல் இருப்பதாலும்தான். எண்ணெய் வரிசையில் நிற்கிறவனுக்குப் பாட்டுத் தெரியுமா, தெரியாதா? அது தெரியாமல் வீட்டுக்குப் போக முடியாது. இன்பபுரியில் எல்லாம் இருந்தது, ஒருவருக்கும் ஒரு அலுவலும் இல்லை. இது விளங்கியதால் என் வயிற்றெரிச்சல் குறைந்தது என்று நினைக்காதீர்கள். கூடியது.

பிறகு ஆமி எங்கள் பக்கமும் வரத் தொடங்க, சனம் முழுவதும் ஊரை விட்டு நடந்தது. மழை. சாருமதி கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தாள். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் பாதி ஓடு இல்லை; அவளுடைய கொப்பியில் ஒரு மூலைகூட மடியவில்லை. அதையும் கவனித்தேன்.

இப்போது சந்தியில் ஆமி நின்றது. பொம்மர் இல்லை, பங்கர் தூர்ந்துவிட்டது. கொட்டிலுக்குப் பின்னால் பழைய பங்கர் இருந்த இடத்தில் குந்தியிருந்து அவள் கதை சொன்னாள். சுற்றிவளைப்பும் வீடு வீடாகச் சோதனையும் தொடங்கின. சனம் கண்ட கடதாசியையெல்லாம் எரித்தது. பழைய பத்திரிகை, படம், கடிதம், எல்லாம் அடுப்புக்குள் போயின. கையால் கீறிய மாப் ஒன்று வீட்டில் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூவாற்று மாப்பிலோ கோட்டை, துறை, அம்புக்குறி எல்லாம் இருந்தன.

ஒருநாள் காலை, சாருமதி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து அவளுடைய தாயிடம் போனேன். மாமி என்றுதான் கூப்பிடுவேன். அரிசி உலையில் கிடந்தது. மாமி ஓலை முறித்துக்கொண்டிருந்தா.

"மாமி, சாருவின்ரை கொப்பியிலை ஒரு மாப் கிடக்கு. நாளைக்குச் சோதனைக்கு வாறாங்களாம்." பிறகு இதையும் சொன்னேன்: "நான் சொன்னனெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

மாமியின் முகம் வெளிறிவிட்டது. பாயை உயர்த்திக் கொப்பியை எடுத்தா. திறந்துகூடப் பார்க்கவில்லை. பானைக்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"நல்ல காலம் சொன்னாய் பிள்ளை. நீதான் அவளுக்கு ஒரு கூடப்பிறந்தது மாதிரி."

அழித்தழித்து நைந்துபோன கடதாசி உடனே பற்றும். ஓலை எரிகிற நேரம்கூட எடுக்கவில்லை. இடப்பெயர்வில் தப்பி வந்த கொப்பி என் வாயில் தப்பவில்லை.

அன்றைக்கு ரியூசனுக்குப் போகிற வழியில் என் சைக்கிள் காற்றுப் போய்விட்டது. நான் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே ரயரைத் தடவித் தடவிப் பார்த்தேன். நெருஞ்சி முள். சத்தியமாக முள்தான். கையில் வைத்துக் கனநேரம் பார்த்தேன்.

மறுநாள் சோதனைக்கு வந்தார்கள். ஒரு இளம் சிப்பாய் என் புத்தகங்களைக் கிளறி, ஒரு கொப்பியைத் திறந்தான். இன்பபுரி. மாப்போடு! மற்றவளின் மாப்பைப் பற்றி யோசித்த நான் என்னுடையதை மறந்துபோனேன். அவன் ஐஸ்கிறீம் மலையைப் பார்த்தான். சிரித்தான். மூடித் தந்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குக்கூட என் நாட்டில் ஒரு நிமிடம் நிற்க மனம் வரவில்லை. சாருமதி வீட்டில் அவர்கள் புத்தகம் ஒன்றையும் தொடவில்லை.

சாருமதி இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள்.

"பிறகு, சாரு?"

"முடிஞ்சுது."

"மூண்டாவது ஆறு?"

"அது வராது."

யார் சொன்னது என்று அவள் தாயிடம் கேட்டாளா, தெரியாது. என்னிடம் கேட்கவில்லை. நான் கொஞ்ச நாள் பொறுத்து இன்பபுரியை எடுத்துக்கொண்டு போனேன். ஒருவரும் வரவில்லை. இடைவேளையில் பிள்ளைகள் தனித்தனியாக இருந்து கச்சான் கொட்டை தின்றார்கள்.

சாருமதி கலியாணம் கட்டிக் கனடா போனாள். மாமியும் போனா. நாங்கள் இன்றைக்கும் சிநேகிதிகள்தான், அதிலே குறையில்லை. சில வருடங்களுக்கு முன் அவளுடைய கரையில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்கள். சனம் காணி பார்க்கப் போனது; நான் துப்புத் துலக்கப் போனேன். அவள் தன் ஊரைத்தான் பார்த்துக் கொப்பியடித்திருப்பாள், எங்கேயாவது அந்தக் கோட்டை இருக்கும், அந்தத் துறை இருக்கும், கண்டுபிடித்தால் என் வயிறு ஆறும் என்று ஒரு நப்பாசை. பற்றை, இடிந்த சுவர், ஒரு கிணறு. கரை வளைந்த விதம்கூட மாப்பில் இருந்த மாதிரி இல்லை. அவள் ஒன்றையும் பார்த்து எழுதவில்லை. எல்லாம் அவளுடைய தலைக்குள்ளிருந்து வந்தது. வெயிலில் வந்த வழியே திரும்பிப் போனேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் அவள் வழக்கம்போல வீடியோவில் கதைத்தாள். அங்கே விடிந்து தேத்தண்ணி போடுகிற நேரம். லாச்சிக்குள் கிடந்த புத்தகம் மனதை அரித்துக்கொண்டிருந்ததால் கேட்டுவிட்டேன்.

"சாரு, மூவாறு ஞாபகமிருக்கோ?"

"எந்த ஊரடி அது? வன்னியிலையோ?"

நான் பகிடி என்றுதான் நினைத்தேன். பகிடி இல்லை.

"நீ கீறின நாடடி! பங்கருக்குள்ளை சொல்லுவாய்."

"ஆ... ஏதோ அளந்தனான்தான். என்னெண்டு ஒரு சொட்டும் ஞாபகமில்லை. நீ சொல்லன், கேப்பம்."

முப்பது வருடமாக நான் சுமந்துகொண்டு திரிகிறேன், அவள் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறக்கிறதிலும் அவள்தான் முதலாவது. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது.

சொன்னேன். கடல் நன்னீர், ஆறு உப்பு. வள்ளத்திடம் கேட்டு ஏற வேண்டும். எண்ணெய் வரிசை, பாட்டு, கரையால் நடக்கிற தரகர்மார். அவள் நாடியைக் கையில் ஊன்றிக்கொண்டு போனுக்குக் கிட்ட வந்தாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"பிறகு?" என்றாள்.

என் வாழ்க்கையில் முதல்தரம் ஒருவர் என்னிடம் கேட்கிறார், அந்தக் குரலில்.

"பிறகு வள்ளம் ரெண்டாவது ஆத்தையும் கடந்து, தெக்குப் பக்கம் போச்சுது."

"பிறகு?"

அதற்கு அங்கால் எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன்.

"பிறகு கொம்மா அதை அடுப்புக்குள்ளை வைச்சவ. நான்தான் போய்ச் சொன்னனான். சோதனைக்குப் பயத்திலை எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தன். பொய். பொறாமையிலை சொன்னனான்."

அங்கே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா கடைசி வரைக்கும் சொல்லேல்லை" என்றாள். மாமி போன வருடம் காலமாகிவிட்டா. நான் சொல்லாதேங்கோ என்று கேட்டதைக் காப்பாற்றிவிட்டா. சாருமதி கேட்டாள்: "உனக்கு அது அவ்வளவு விருப்பமாயிருந்ததோடி?"

ஏசுவாள் என்று இருந்தேன்.

"ஓம்" என்றேன்.

இன்று காலை அந்தப் பிள்ளை வந்ததும் லாச்சியைத் திறந்து மூன்றாம் பாகத்தைக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள், நன்றி சொல்லவும் மறந்துபோனாள். ரியூசன் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு ஒன்று நிற்கிறது. பங்கர் கிடங்கின் மேல் யாருடையவோ கார் நிற்கிறது. பொம்மருக்கு ஏங்கின பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில். இன்பபுரிக் கொப்பி மட்டும் என் றங்குப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அதைக் கறையான்கூடத் தொடவில்லை.

பிள்ளை போனபின் ஒரு கடதாசியை எடுத்து மூவாற்றைக் கீறிப் பார்த்தேன். இரண்டு ஆறும் கை தடக்காமல் வந்தன. கோட்டை வந்தது, துறைகள் வந்தன. தெற்கே அந்த வெள்ளை இடத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் இருந்தேன். பிறகு பென்சிலை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.